ஐந்து நிமிடம் அணைத்துவைத்த ஆன்டிவைரஸ்

"ஆன்டிவைரஸை அஞ்சு நிமிஷம் ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க. அப்புறம் ஆன் பண்ணிக்கலாம்." ரங்கூனில் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. கடையில் சொல்வார்கள். பக்கத்து வீட்டுப் பையன் சொல்வான். பென்டிரைவில் கைமாறி வரும் மென்பொருளோடு இருக்கும் குறிப்புக் கோப்பிலும் முதல் வரி பெரும்பாலும் இதுதான். சொல்கிறவர்களில் பலர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் கம்ப்யூட்டருக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் விளக்குவதில்லை. எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்குக் கம்ப்யூட்டர் வேலைகளில் பல வருடமாக உதவி வருகிறேன். இதனால் வந்த இழப்புகளைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போன வருடம் கோயில் திருவிழா நோட்டீஸைத் தமிழில் அடிக்க வேண்டியிருந்தது. தெருவில் ஒரு அக்கா வீட்டில்தான் பிரிண்டரோடு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் பர்மிய எழுத்து இரண்டு விதமாக இருந்தது: பழைய ஜாஜி எழுத்துரு ஒரு பக்கம், 2019 அக்டோபர் 1 அன்று நாடே மாறிக்கொண்ட யூனிகோடு இன்னொரு பக்கம். ஆங்கிலமும் உண்டு. தமிழ் அடிக்கத்தான் வழியில்லை. அக்காவின் மகன் யாரிடமோ வாங்கிய பென்டிரைவில் ஒரு தமிழ்த் தட்டச்சு மென்பொருளைக் கொண்டுவந்தான். பென்டிரைவைத் திறந்து அந்தக் கோப்பின் மேல் இரண்டு முறை தட்டினான். திரையின் வலது கீழ் மூலையில் அறிவிப்பு ஒன்று எழுந்தது. கோப்பு காணாமல் போனது.

"அண்ணே, ஆன்டிவைரஸ் தடுக்குது. ஆஃப் பண்ணிடவா? கரண்ட் போறதுக்குள்ள முடிக்கணும்ல?"

அவன் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. கரண்ட் எப்போது வரும், எத்தனை மணிக்குப் போகும் என்று கணக்குப் பார்த்தே வேலை செய்கிற ஊர் இது. இருக்கிற நேரத்துக்குள் அடித்து, அச்செடுத்து, நகலும் போட வேண்டும். கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு, அந்த அறிவிப்பு என்ன சொல்கிறது என்று படிக்கச் சொன்னேன்.

ஆன்டிவைரஸ் என்பது வாரத்துக்கு ஒருமுறை வந்து வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகும் ஆள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். முழு ஸ்கேன் அப்படித்தான். ஆனால் நம்மைக் காப்பாற்றும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது 'ரியல்-டைம் ப்ரொடெக்ஷன்' என்கிற பகுதி. விண்டோஸில் எந்தக் கோப்பைத் திறந்தாலும், சேமித்தாலும், நகலெடுத்தாலும், அந்தக் கோரிக்கை வட்டுக்குப் போகிற வழியில் ஒரு வடிகட்டியைக் கடந்துதான் போக வேண்டும். ஆன்டிவைரஸின் 'டிரைவர்' என்கிற சிறு நிரல் அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஏற்கெனவே தெரிந்த தீநிரல்களின் (வைரஸ் போன்ற கெட்ட நிரல்களின்) அடையாளங்களோடு கோப்பை ஒப்பிட்டுப் பார்க்கிறது. அடையாளம் பொருந்தாவிட்டாலும், நிரலின் அமைப்பு சந்தேகப்படும்படி இருக்கிறதா என்று பார்க்கிறது. ஓட ஆரம்பித்த பிறகு அது என்னென்ன செய்கிறது என்றும் கவனிக்கிறது. இணையம் இருந்தால், புதிதாகத் தென்படும் கோப்பைப் பற்றி நிறுவனத்தின் சர்வரிடமும் கேட்டுக்கொள்கிறது. 'ஆஃப்' பண்ணும்போது நிற்பது இந்த வடிகட்டிதான். அந்த நேரத்தில் உள்ளே வந்த கோப்பு அடுத்த ஸ்கேன் வரும்வரை, அல்லது வடிகட்டி மறுபடி ஓடும்போது அதை யாராவது திறக்கும்வரை, சோதிக்கப்படாமல் கிடக்கும். அதற்குள் அது தன் வேலையை முடித்திருந்தால் கண்டுபிடித்தும் பிரயோஜனம் இல்லை.

சரி, தமிழ் அடிக்கும் மென்பொருளைப் பார்த்து ஆன்டிவைரஸ் ஏன் சந்தேகப்பட வேண்டும்? அதற்குக் காரணம் இருக்கிறது. எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர், அழகி போன்றவற்றைப் பயன்படுத்தியவர்களுக்கு அவை வேலை செய்யும் விதம் தெரியும்: 'a' என்று தட்டினால் 'அ' வரும். அப்படி வர வேண்டுமென்றால், நாம் தட்டும் ஒவ்வொரு விசையையும் மற்ற நிரல்களுக்குப் போகும் முன்பே நடுவில் பிடிக்க வேண்டும். பர்மிய எழுத்து அடிக்க இங்கே பயன்படும் கீமேஜிக் போன்றவையும் விசைகளை நடுவில் பிடித்து மாற்றித்தான் கொடுக்கின்றன. கடவுச்சொல் திருடும் கீலாகர் நிரலும் இதே இடத்தில்தான் உட்கார்ந்து இதே விசைகளைப் பிடிக்கிறது. பிடித்ததை எழுத்தாக மாற்றித் திரைக்கு அனுப்புகிறதா, இல்லை எங்கோ இருக்கும் ஒருவனுக்கு அனுப்புகிறதா என்பதுதான் வேறுபாடு, அதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது எளிதல்ல. போதாததற்கு, இப்படிப்பட்ட மென்பொருள்களைப் பெரும்பாலும் தனி ஆட்களும் சிறு குழுக்களும் ஆர்வத்தால் எழுதி இலவசமாகத் தருகிறார்கள். எழுதியவர் யார் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பத்துக்கு வருடாவருடம் பணம் கட்ட அவர்களால் முடிவதில்லை. கையொப்பமில்லாத, உலகில் கொஞ்சம் பேரே பயன்படுத்துகிற, விசைகளை நடுவில் பிடிக்கிற நிரல் என்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். நம் மொழிக்காக உழைத்தவர்களின் மென்பொருள் இப்படி மாட்டிக்கொள்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான்.

தவறான எச்சரிக்கைகள் பெரிய நிறுவனங்களுக்கும் நடந்திருக்கின்றன. 2007 மே மாதம் நார்ட்டன், சீன மொழி விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்புகளையே தீநிரல் என்று பிடித்து ஒதுக்கிவிட்டது, அந்தக் கம்ப்யூட்டர்கள் கிளம்பவே இல்லை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான ஒரு கோப்பை வைரஸ் என்றது. அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. அதனால் "ஆன்டிவைரஸ் சொல்வதெல்லாம் உண்மை" என்று நான் சொல்ல வரவில்லை. அது சந்தேகப்படுகிறது. அந்தச் சந்தேகம் எந்த ஒரு கோப்பின் மீதோ, அந்தக் கோப்புக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். அதற்காக மொத்தக் காவலையும் நிறுத்துவது பொருத்தமில்லாத பதில் என்பதே என் வாதம்.

இந்த இடத்தில் பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். திரை நடுவில் நீல நிறத்தில் பெரிதாக ஒரு பெட்டி வந்து "விண்டோஸ் உங்கள் கம்ப்யூட்டரைக் காப்பாற்றியது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொன்னால், அது வைரஸ் கண்டுபிடித்த அறிவிப்பு அல்ல. அது ஸ்மார்ட்ஸ்க்ரீன். "இந்த நிரலை எனக்குத் தெரியாது, எழுதியவர் யார் என்றும் தெரியாது" என்பதைத் தவிர அது வேறெதுவும் சொல்லவில்லை. அந்தப் பெட்டியிலேயே 'மோர் இன்ஃபோ' என்று சிறிய எழுத்தில் இருப்பதைத் தட்டினால் தொடர்வதற்கு வழி இருக்கும். எங்கிருந்து வந்தது என்று நிச்சயமாகத் தெரிந்த கோப்பாக இருந்தால் மட்டும் தொடரலாம். இந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு ஆன்டிவைரஸை அணைத்துவைக்கிறவர்கள் நிறையப் பேர். அணைத்தாலும் இந்தப் பெட்டி வரத்தான் செய்யும், இரண்டும் வேறு வேறு.

"அணைத்துவிட்டு நிறுவு" என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு நியாயமான தொடக்கம் உண்டு. 1990களின் கம்ப்யூட்டர்களில் நினைவகமும் வேகமும் கொஞ்சம்தான். ஒரு மென்பொருளை நிறுவும்போது நூற்றுக்கணக்கான கோப்புகள் சுருக்கத்திலிருந்து விரியும், ஒவ்வொன்றையும் ஆன்டிவைரஸ் நிறுத்திப் பார்த்தால் அரை மணி நேர வேலை இரண்டு மணி நேரம் ஆகும். அந்தக் கால மதர்போர்டுகளின் பயாஸிலேயே (கம்ப்யூட்டரைக் கிளப்பிவிடும் அடிப்படை நிரலிலேயே) ஒரு வைரஸ் எச்சரிக்கை வசதி இருந்தது. வட்டின் தொடக்கப் பகுதியில் யார் எழுதப் பார்த்தாலும் அது தடுக்கும். விண்டோஸ் 95 நிறுவும்போது விண்டோஸே அங்கே எழுதியாக வேண்டும், அதனால் அதை அணைக்கச் சொன்னார்கள். அப்படி எழுதிவைத்த அறிவுரைகள் ஒன்றைப் பார்த்து இன்னொன்றாக நகலாகி வந்துவிட்டன. கம்ப்யூட்டர்கள் மாறியும் வாக்கியம் மாறவில்லை.

அப்புறம் அந்த வாக்கியத்தை வேறு ஆட்களும் எடுத்துக்கொண்டார்கள். என் மனதை மிகவும் வருத்துவது இதுதான்.

2018 வாக்கில் ஸ்டாப் அல்லது டிஜேவு என்ற பெயரில் ஒரு ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நிரல், கிளம்பியது. பெரிய நிறுவனங்களை விட்டுவிட்டு வீட்டுக் கம்ப்யூட்டர்களைத்தான் குறிவைத்தது. அது பரவிய முக்கியமான வழி திருட்டு மென்பொருள்: மென்பொருளின் பூட்டை உடைக்கும் கிராக், திருட்டுச் சாவி எண் உருவாக்கும் கீஜென், விண்டோஸை இலவசமாக ஆக்டிவேட் செய்து தருவதாகச் சொல்லும் நிரல்கள். நிஜமான ஆக்டிவேட்டரையும் ஆன்டிவைரஸ் தடுக்கும், பொய்யானதையும் தடுக்கும். அதனால் "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இயக்கு" என்ற வரி இரண்டோடும் வந்தது. பயனர் தன் கையாலேயே கதவைத் திறந்துவிட்டார். உள்ளே போனதும் படம், பாட்டு, ஆவணம் எல்லாவற்றையும் திறக்க முடியாதபடி மறையாக்கம் செய்து, ஒவ்வொரு கோப்புப் பெயரின் பின்னாலும் ஒரு புதிய வால் ஒட்டியது. கூடவே ஒரு சிறு குறிப்பு: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் பேசினால் 490 டாலர். சில வகைகள் கடவுச்சொல் திருடும் நிரல் ஒன்றையும் கூடவே இறக்கிவைத்தன.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இது நடந்தது. வீடியோ எடிட் செய்யும் மென்பொருள் ஒன்றின் கிராக்கை மாப்பிள்ளை இயக்கியிருக்கிறார். மறுநாள் காலையில் கல்யாணப் படங்கள் எதுவும் திறக்கவில்லை. இறந்துபோன தாத்தா கடைசியாகக் கலந்துகொண்ட கல்யாணம் அது. 490 டாலர் என்பது இந்த ஊரில் ஒரு ஆசிரியரின் பல மாதச் சம்பளம். பாட்டி அந்தத் திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இதுக்குள்ளதானே இருக்கு, வெளிய எடுக்க முடியாதா தம்பி?" என்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் 2019 அக்டோபரில் இதற்கு ஒரு மீட்புக் கருவியை இலவசமாக வெளியிட்டது. அப்போதைய 148 வகைகளுக்கு அது உதவியது. ஆனால் அதே வருட ஆகஸ்டு முதல் வந்த வகைகள் இன்னும் வலுவான மறையாக்கத்துக்கு மாறிவிட்டன, அவற்றில் பெரும்பாலானவற்றை அந்தக் கருவியால் திறக்க முடியவில்லை. இந்தக் குடும்பத்துக்கு வந்தது பிந்திய வகை.

பர்மாவுக்கே உரிய சில சூழல்கள் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. 2021 பிப்ரவரியில் இணையம் தடைபட்டு ஃபேஸ்புக்கும் முடக்கப்பட்டபோது, தடையைச் சுற்றிக்கொண்டு போக உதவும் விபிஎன் நிரல்கள் கையிலிருந்து கைக்குப் பரவின. அசல் தளத்துக்கே போக முடியாத நிலையில், அது அசல்தானா என்று யாரால் சரிபார்க்க முடியும்? இணையம் இல்லாத நாட்களில் ஆன்டிவைரஸ் அப்டேட்டும் வராது, சர்வரிடம் கேட்கும் வசதியும் இல்லை. கம்ப்யூட்டர் தன்னிடம் இருக்கும் பழைய பட்டியலை வைத்துத்தான் பென்டிரைவைச் சோதிக்க வேண்டும். பென்டிரைவ் நமக்குப் புதிய ஆபத்தும் இல்லை. 2008இல் வந்த கான்ஃபிக்கர் என்ற புழு, பென்டிரைவைச் செருகியதும் தானே ஓடுகிற வசதியைப் பிடித்துக்கொண்டு பரவியது. உள்ளே நுழைந்தவுடன் விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி, ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்களுக்குப் போகிற வழியையும் அடைத்தது. தீநிரல் எழுதுகிறவர்கள் முதலில் எதை அணைக்கப் பார்க்கிறார்கள் என்பதற்கு இது நல்ல சாட்சி.

இணையம் மெதுவாக இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டருக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் தளத்தில் தனிக் கோப்பாகவே தருகிறார்கள். நூறு எம்பிக்கு மேல் இருக்கும். நல்ல இணைப்பு உள்ள இடத்தில் இறக்கி பென்டிரைவில் கொண்டுவந்து, வீட்டில் தட்டினால் போதும்.

இனி அணைப்பதைப் பற்றி. டிஃபெண்டரில் ரியல்-டைம் பாதுகாப்பை அணைத்தால், கொஞ்ச நேரம் கழித்து அதுவே மறுபடி ஓட ஆரம்பிக்கும். மறந்துபோகிறவர்களுக்கு இது பெரிய உதவி. 2019 முதல் 'டாம்பர் ப்ரொடெக்ஷன்' என்று ஒன்றும் சேர்ந்திருக்கிறது. வேறு நிரல்கள் நமக்குத் தெரியாமல் டிஃபெண்டரை அணைப்பதை அது தடுக்கும். இதையும் அணைக்கச் சொல்லும் மென்பொருள் எதுவாக இருந்தாலும் அதை நிறுவாதீர்கள். வேறு நிறுவன ஆன்டிவைரஸ்களில் அணைக்கும்போது ஒரு பட்டியல் வரும்: 10 நிமிடம், ஒரு மணி நேரம், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும் வரை, நிரந்தரமாக என்று அவாஸ்ட் கேட்பது போல. அவசரத்தில் கை போவது கடைசி வரிக்குத்தான். அப்படித் தட்டிவிட்டு நிறுவும் வேலை பாதியில் இருக்கும்போது கரண்ட் போகும். இரண்டு நாள் கழித்து வந்து உட்காரும்போது அது யாருக்கும் நினைவிருக்காது. நேர வரம்புள்ள ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். மேசைக் கம்ப்யூட்டர் என்றால் 'ரீஸ்டார்ட் வரை' என்பதும் நல்லதே, நம் ஊரில் கரண்டே அதை ரீஸ்டார்ட் செய்துவிடும். மடிக்கணினியில் அதை நம்ப வேண்டாம். மூடி வைத்தால் அது தூங்குகிறதே தவிர ரீஸ்டார்ட் ஆவதில்லை.

அணைப்பதுதான் சரி என்ற நேரமும் உண்டா? உண்டு, ஆனால் அரிது. ஒரு ஆன்டிவைரஸை நீக்கி இன்னொன்றை நிறுவும்போது, நம்பகமான மென்பொருள் ஒன்று ஏன் தொங்குகிறது என்று காரணம் தேடும்போது, சில நிமிடம் அணைத்துப் பார்க்கலாம். அப்போது இணைய வயரைப் பிடுங்கிவிடுங்கள், வைஃபையை நிறுத்திவிடுங்கள். 2017 மே 12 அன்று உலகத்தை உலுக்கிய வான்னாக்ரை பரவுவதற்கு யாரும் எதையும் தட்ட வேண்டியிருக்கவில்லை. அப்டேட் போடாத கம்ப்யூட்டர்களைத் தேடிப்பிடித்து, நெட்வொர்க் வழியாகவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. பென்டிரைவையும் கழற்றிவிடுவது நல்லது.

மற்ற நேரத்தில், சந்தேகத்துக்குள்ளான கோப்பைத் தனியாக விசாரிக்கலாம். டிஃபெண்டர் பிடித்த கோப்பு பெரும்பாலும் அழிவதில்லை, தனிச் சிறையில் இருக்கும். 'ப்ரொடெக்ஷன் ஹிஸ்டரி' பக்கத்தில் அதன் பெயரும், என்ன குற்றச்சாட்டு என்பதும் தெரியும். முதலில் அந்தக் கோப்பை விட்டுவிட்டு, எழுதியவரின் சொந்தத் தளத்திலிருந்து புதிதாக இறக்குங்கள். அதை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் எழுபதுக்குப் பக்கமான ஆன்டிவைரஸ்கள் என்ன சொல்கின்றன என்று ஒரே பக்கத்தில் பார்க்கலாம். (சொந்த ஆவணங்களை, அடையாள அட்டை நகல்களை அங்கே ஏற்றாதீர்கள், ஏற்றியதை மற்றவர்களும் எடுக்க முடியும்.) பெயர் தெரியாத ஒன்றிரண்டு மட்டும் மங்கலாகச் சந்தேகப்பட்டால், அது தவறான எச்சரிக்கையாக இருக்க வாய்ப்பு அதிகம். பெரிய நிறுவனங்கள் பல ஒரே பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டினால் விட்டுவிடுங்கள். சுத்தம் என்று மனம் ஒப்பினால், அந்த ஒரு கோப்பை மட்டும் அனுமதிக்கலாம். மற்ற எல்லாவற்றுக்கும் காவல் அப்படியே இருக்கும்.

அக்கா வீட்டில் நாங்கள் செய்தது இன்னும் எளிது. விண்டோஸ் 10இலேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது, 2019 மே அப்டேட்டிலிருந்து ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் பெறும் ஃபொனெடிக் முறையும் இருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தோம். எதையும் பென்டிரைவிலிருந்து நிறுவ வேண்டியதில்லை. பையன் "ஸ்ரீ" அடிக்க மட்டும் கொஞ்சம் திணறினான். அரை மணியில் நோட்டீஸ் தயார்.

அச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, எதற்கும் பார்ப்போம் என்று டிஃபெண்டரின் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலைத் திறந்தேன். சோதிக்க வேண்டாம் என்று நாம் விலக்கு அளித்த இடங்கள் அதில் இருக்கும். ஒரே ஒரு வரி இருந்தது: சி டிரைவ். முழு சி டிரைவும்.

பழுதுபார்க்கக் கொடுத்தபோது கடையில் ஆக்டிவேட்டர் போட்டிருக்கிறார்கள். அது திரும்பத் திரும்ப மாட்டாமல் இருக்க, மொத்த வட்டையும் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பச்சை டிக் மார்க் அப்படியே இருந்ததால் அக்காவுக்கு எதுவும் தெரியவில்லை. அன்றைக்குப் பையன் பென்டிரைவிலிருந்தே நேராகத் தட்டியதால்தான் எச்சரிக்கை வந்தது. வழக்கம்போல டெஸ்க்டாப்புக்கு நகலெடுத்துத் தட்டியிருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கடையிலிருந்து திரும்பிய எந்தக் கம்ப்யூட்டரிலும் நான் இப்போது முதலில் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான். அந்த வரியை நீக்கினோம். காவல் உண்மையிலேயே திரும்பிவிட்டதா என்று பார்க்க ஐகார் சோதனைக் கோப்பைப் பயன்படுத்தினோம். 68 எழுத்துகள் மட்டும் கொண்ட, எந்தத் தீங்கும் செய்யாத கோப்பு அது. ஆன்டிவைரஸ்கள் எல்லாம் அதைக் கண்டால் பிடிக்க வேண்டும் என்று அவர்களுக்குள் ஒப்பந்தம். டெஸ்க்டாப்பில் சேமித்த மறு விநாடி அது மறைந்தது. பையன் "இன்னொரு தடவை போடுங்கண்ணே" என்று கேட்டு, மறுபடி மறைவதைப் பார்த்தான்.

அப்புறம் முழு ஸ்கேன் ஓடவிட்டோம். பாதியில் கரண்ட் போனது. நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் விடியற்காலை, தெருவே "மீ லா பீ!" (கரண்ட் வந்துடுச்சு!) என்று கத்தியபோது அக்கா போன் செய்தார். ஸ்கேனை முதலிலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னேன். முடியும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மூன்று கோப்புகள் சிக்கின.